மதினியின் மார்கழித் தூக்கு

எங்கள் சமையலறை ஆணியில் ஒரு சின்ன எவர்சில்வர் தூக்கு தொங்குகிறது. ஒரு ஆள் சாப்பிடும் பொங்கல்கூட அதில் அடங்காது. மூடி நெளிந்துபோய்விட்டது, ஒரு பக்கம் அழுத்திப் பிடித்து மறுபக்கம் தட்டினால்தான் மூடும். அதை எனக்குக் கொடுத்தவர் மதினி, என் அண்ணனின் மனைவி. மார்கழி பிறந்து, பழங்காநத்தத்தில் எங்கள் தெருக்கோடிக் கோயிலில் விடியும் முன்பே ஸ்பீக்கர் பாடத் தொடங்கினால், என் கண் தானாக அந்த ஆணிக்குப் போய்விடும்.

நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது மதினிக்குச் சர்க்கரை வந்தது. மாத்திரையைவிட நடைதான் முக்கியம், தினமும் காலையில் வேர்க்க வேர்க்க நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். கோச்சடையில் என் பிறந்த வீட்டில் அம்மா அதைக் கேட்டுச் சிரித்தார். "விடிஞ்சதுல இருந்து அம்புட்டு வேல பாக்குறா, கால் ஒரு எடத்துல நிக்கிறதே இல்ல. இதுக்கு மேல என்ன நடை?" அண்ணன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "பொம்பள காலங்காத்தால ரோட்டுல கைய வீசிக்கிட்டுப் போனா நல்லாவா இருக்கும்?" என்றார். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. அது கெட்ட வீடு இல்லை. நல்ல சாப்பாடு, நல்ல துணி, அடி உதை என்ற பேச்சே கிடையாது. அதனாலேயே அந்த வீட்டிலிருந்து வெளியே வர ஒரு காரணம் கண்டுபிடிப்பது பெரும்பாடாக இருந்தது.

அந்தக் காரணத்தை மார்கழி கொண்டுவந்து கொடுத்தது. மார்கழிக் காலையில் கோலம் போட்டுக் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போகும் பெண்ணை எங்கள் பக்கத்தில் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். "அத்தை, கோயிலுக்குப் போயிட்டு வாரேன்" என்று தூக்கை எடுத்தால் போதும், அம்மாவே எழுந்து வந்து கேட்டைத் திறந்துவிடுவார். துணைக்கு நான். வைகைப் பக்கமிருந்து பனி இறங்கி எதிரே வருபவர் முகம் தெரியாது. கோயிலுக்குள் போனதும் தூக்கை என் கையில் கொடுத்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மதினி பிரகாரத்தைச் சுற்ற ஆரம்பிப்பார். சாமியைச் சுற்றுகிற சுற்றா அது? பஸ்ஸைத் தவறவிடப்போகிறவர் மாதிரி ஒரு வேகம். நான் படியில் உட்கார்ந்து தூங்கி வழிவேன். ஒவ்வொரு முறை என்னைக் கடக்கும்போதும் அவர் மூச்சுச் சத்தம் கேட்கும். கடைசியில் கழுத்து வேர்வையைத் துடைத்தபடி வந்து, வரிசையில் நின்று பொங்கல் வாங்குவார். அது வீட்டுக்குக் காட்டுவதற்கு. தான் ஒரு வாய்கூடத் தொட மாட்டார்.

மார்கழி முடியும் முன்பே மதினி வேறு ஆளாகிவிட்டார். டீயில் சீனியை நிறுத்தினார். ஈர வாசலில் நின்று நின்று வெடித்துப்போன குதிகாலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டார். தன் காலைத் தானே தொட்டுப் பார்த்து அவர் உட்கார்ந்திருந்ததை நான் முதன்முதலாகப் பார்த்தது அப்போதுதான். சர்க்கரையும் இறங்கியிருந்தது. ஒருநாள் திரும்பி வரும்போது, "ஏத்தா, வருசம் பூரா மார்கழியா இருந்தா யாருக்கு என்ன கொறஞ்சு போகுது?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

கெடுத்தது கோயில் வாசல் பூக்காரம்மா. பாவம், நல்லதாகத்தான் சொன்னார். "ஒங்க மருமக என்னா பக்தி! சுத்துறா சுத்துறா, நிறுத்தவே மாட்டேங்குறா. ஏதோ பெரிய வேண்டுதல் போல." அம்மா அன்று முழுக்க யோசித்துக்கொண்டே இருந்தார். சாயங்காலம் மதினியின் கையைப் பிடித்து, "என் முழங்காலுக்காகத்தான வேண்டிக்கிட்ட?" என்று கேட்டபோது அம்மாவின் கண்ணில் நீர். மதினி என்னைப் பார்த்தார். இது வேண்டுதல் இல்லை, நடை என்று சொன்னால் மறுநாள் கேட் திறக்காது. மெதுவாகத் தலையாட்டினார்.

மறுநாள் அம்மாவும் புடவை மாற்றிக்கொண்டு நின்றார். "நானும் வாரேன்." கோயிலில் மதினியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்று, அன்பாக ஒரு திருத்தமும் சொன்னார். "இம்புட்டு வேகமா சுத்துனா வேண்டுதல் பலிக்காதுத்தா. அடிப்பிரதட்சிணம் பண்ணு." ஒரு காலின் குதியை மறு காலின் விரலோடு ஒட்டி வைத்து, அங்குலம் அங்குலமாகச் சுற்றி வருவது அது. மதினி அப்படியே சுற்றினார். அம்மா பக்கத்திலேயே வந்தார். ஒரு சுற்று முடிவதற்குள் விடிந்துவிட்டது. மதினி உடம்பில் ஒரு பொட்டு வேர்வை இல்லை. அம்மா முகத்தில் அப்படி ஒரு நிறைவு. அந்த நிறைவை மீறி யாரால் நடக்க முடியும்?

அதன்பின் வந்த மார்கழிகள் எல்லாம் அப்படியே கழிந்தன. மாத்திரை போய் ஊசி வந்தது. ஒரு பனிக்காலத்தில் குதிகால் வெடிப்பு புண்ணாகி, ஆறாமல், கடைசியில் ஆஸ்பத்திரியில் மதினியின் ஒரு பாதத்தில் பாதியை எடுத்தார்கள். இப்போது அம்மா இல்லை. அண்ணன் தானே போய் மதினிக்கு விலை உயர்ந்த செருப்பு வாங்கிவந்திருக்கிறார். போன வருடம் பார்க்கப் போனபோது மதினி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "இப்ப யாரும் போகாதன்னு சொல்லல. காலுதான் சொல்லுது" என்றார். கிளம்பும்போது இந்தத் தூக்கை எடுத்துக் கொடுத்தார்.

எனக்கும் இந்த வருடம் சர்க்கரை வந்துவிட்டது. எங்கள் வீட்டில் யாரும் தடுக்கவில்லை. இந்தக் காலத்து ஆட்கள். மகன் ஷூ வாங்கிக் கொடுத்தான். ரோட்டில் நாய், வண்டி, பனி என்று கவலைப்பட்டு, மொட்டைமாடியில் பெயிண்டால் பெரிய எட்டு ஒன்றும் வரைந்து கொடுத்தான். "எட்டு போட்டு நடம்மா, வெளிய போகவே வேணாம்." நடந்தேன். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றித் துணிக்கொடிக்கு வந்து, மறுபடி தண்ணீர்த் தொட்டி. ஒவ்வொரு வளைவிலும் அடிப்பிரதட்சிணம் ஞாபகம் வந்தது. அழுகை வந்தது என்றே சொல்கிறேன்.

மார்கழி பிறந்த பிறகு ஒருநாள் ஸ்பீக்கர் பாடியதும் எழுந்து ஷூவை மாட்டி, தூக்கை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தேன். "எங்க?" என்றார் கணவர், போர்வைக்குள்ளிருந்து. "கோயிலுக்கு" என்றது என் வாய். ஆனால் கோயில் வாசலில் நான் நிற்கவில்லை. கடைத்தெருவைத் தாண்டி, ரயில்வே பாலம் வரை போய், முதுகு நனையும்வரை வேகமாக நடந்தேன். மதினியின் மூச்சுச் சத்தம் என் மூச்சில் கேட்டது.

திரும்பி வந்தபோது கணவர் பல் துலக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார். தூக்கை வாங்கி, ஒரு பக்கம் அழுத்தித் திறந்து பார்த்தார்.

"என்ன, பொங்கல் இல்லையா?"

"கோயிலுக்குப் போகல. நடக்கத்தான் போனேன்."

அவர் கோபப்படவில்லை. உண்மையாகவே புரியாமல் கேட்டார். "நடக்கப் போறதுன்னா போக வேண்டியதுதான. யாரு வேணாம்னா? அதுக்கு எதுக்குத் தூக்கு?"

எதுவும் ஒட்டாத அந்தத் தூக்கைக் கழுவித் துடைத்து, மூடியைத் தட்டி மூடி, மறுநாள் எடுக்க வசதியாக ஆணியில் மாட்டினேன்.