இரண்டு படிக்கட்டுகள்

2004 டிசம்பர் இருபத்தாறு, பௌர்ணமிப் போயா விடுமுறை நாள். காலையில் அம்பாறை பஸ்ஸை விசில் ஊதி அனுப்பியவர் காலிதீன். கல்முனைக்குடி பஸ் நிலையத்தின் நேரக் காப்பாளர் அவர்தான். சம்மாந்துறையிலிருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போக, அவர் மனைவி றம்ஸியா அந்த பஸ்ஸில் ஏறியிருந்தாள். சன்னலோர இருக்கையில் அவளது பூப்போட்ட குடை கிடந்தது. குடை கிடந்தால் ஆள் இருக்கிற கணக்கு. அவர் ஊதிவிட்டார்.

மாரி வெள்ளத்துக்குப் பயந்து தூண்கள்மேல் எழுப்பிய நிலையம் அது. தெருப்பக்கம் முன்னால் ஒரு படிக்கட்டு, அவர் வீடிருக்கும் கடல்பக்கம் பின்னால் ஒன்று. முன்படியால் ஏறி அறைக்கு வந்தபோது மேசையில் ஒரு சாப்பாட்டுப் பார்சல் இருந்தது. தேநீர்க்கடையிலிருந்து வந்ததென்று நினைத்தார். பிரிக்குமுன் கடல் வந்துவிட்டது. மேலே ஏறித் தப்பியவர்களில் பசியில் அழுத பிள்ளைகளுக்கு அதைப் பிரிக்காமலே கொடுத்தார்.

மறுவாரம் சாரதி குடையை மட்டும் கொண்டுவந்து கொடுத்தார். றம்ஸியா தங்கச்சி வீட்டுக்குப் போய்ச் சேரவே இல்லை; அவளது மையித்துகூடக் கிடைக்கவில்லை.

ஏதோ எடுக்க இறங்கியவளை விட்டுவிட்டு பஸ்ஸை அனுப்பிவிட்டேனோ? கொஞ்சம் பொறுத்திருந்தால் இப்போது சம்மாந்துறையில் உயிரோடிருப்பாளோ? அதைச் சொல்லக்கூடியவன் அந்த பஸ்ஸின் கொண்டக்டர் கோகுலன் ஒருவன்தான். அவனோ அண்ணனைத் தேடிக் கிளிநொச்சிக்குப் போனவன். பிறகு பாதை பூட்டி, சண்டை மூண்டுவிட்டது.

தூண்களில் வெடிப்பு விழுந்திருந்ததால் 2007இல் நிலையத்தை இடித்தார்கள். காலிதீன் தினமும் போய் நின்றார்.

"காக்கா, பஸ்ஸும் இல்ல, ஸ்டாண்டும் இல்ல. இன்னும் ஆருக்கு டைம் பாக்கிறீங்க?" என்று, ஊரே காக்கா, அதாவது அண்ணன், என்றழைக்கும் அவரை மேஸ்திரி சீண்டினான்.

"ஆராச்சும் இறங்கி வருவாங்க தம்பி."

அந்தி மஃரிப் தொழுகைக்குப் பிறகு, வெறும் மணலுக்கு மேலே, கடல்பக்கமாக, செருப்புச் சத்தம் படிபடியாக இறங்குவது அவருக்குக் கேட்கும். யாரிடமும் சொன்னதில்லை.

சண்டை முடிந்த வருடம், மழை தொடங்கிய பிறகு, வவுனியாவிலிருந்து அழைப்பு வந்தது.

"காக்கா, கோகுலன் கதைக்கிறன். முகாமில இருந்து விட்டுட்டாங்க. உங்கட நம்பர் எடுக்க நான் பட்ட பாடு... அண்டைக்குக் குடை என்னால விடுபட்டுப் போச்சு, அக்காட்டச் சொல்லுங்க. 'உங்கட காக்காக்குக் கட்டின பிட்டு என்ட பையிலயே வந்துட்டு, மேசையில வெச்சிட்டு வீட்ட போய் அடுத்த பஸ்ஸில வாறன், நீ போ' எண்டு சொல்லித்தான் இறங்கினவ. நீங்க முன்படியால ஏறக்குள்ள அவ பின்படியால இறங்கிப் போறதக் கண்டன். பிட்டு நல்லா இருந்திச்சா காக்கா? அக்கா சுகமா?"