பாதியில் நின்ற வெள்ளி விழா உரை

சில வருடங்களுக்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலப்பன்சாவடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது இது. அப்போது நான் அம்பத்தூரில், ரயில் தண்டவாளம் போட்டுப் பராமரிக்கும் ஓர் ஒப்பந்த நிறுவனத்தின் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். நிறுவனத்துக்கு வெள்ளி விழா. அதன் வரலாற்றை எழுதி மேடையில் வாசிக்கும் வேலையை முதலாளி என்னிடம் கொடுத்திருந்தார்.

ஆசையாகத்தான் எழுதினேன். பழைய தொழிலாளர்களைத் தேடிப்போய்ப் பேசினேன். ஒரு தொழிற்சாலைக்குள் சரக்கு ரயில் போவதற்குப் போட்ட சின்னப் பாதைதான் முதல் வேலையாம். ஜல்லியைக் கூடை கூடையாகத் தலையில் சுமந்தார்களாம். வேலையில் செத்துப்போனவர்களைப் பற்றியும் சொன்னார்கள். அதையும் எழுதியிருந்தேன். படித்ததும் முதலாளி, "நல்ல நாள்ல அது எதுக்கும்மா?" என்று அந்தப் பத்தியைப் பேனாவால் அடித்துவிட்டார்.

விழாவுக்கு எல்லோரும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள், ஒரு குழுவைத் தவிர. ஆவடி பக்கம் பழைய தண்டவாளத்தை மாற்ற அன்றைக்குத்தான் ரயில்வே நேரம் ஒதுக்கியிருந்ததால் அவர்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். அந்தக் குழுவில் ஒருவரின் மனைவி, திருமுல்லைவாயிலிலிருந்து மகளோடு வந்திருந்தார். எனக்கு முன்பே பழக்கம். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பக்கத்து நாற்காலியில் பையை வைத்து இடம் பிடித்திருந்தார்.

"சாப்பாட்டுக்கு வந்துடுறேன்னு சொல்லிட்டு பூட்டாரு மேடம்" என்றார்.

நான் மேடையேறப் போகும் நேரத்தில் மேனேஜர் ஓடிவந்தார். கிரேனில் தூக்கிய தண்டவாளம் நழுவி, அந்த அக்காவின் கணவர் இடுப்பில் விழுந்துவிட்டதாம். ஆவடி ரோட்டில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

"உயிர் இருக்கா சார்?"

"இருக்கு. டாக்டர் ஒண்ணும் உறுதியா சொல்லலை. நீங்க படிங்கம்மா. இப்போ சொன்னா மண்டபமே கலைஞ்சிடும். அந்தம்மாவும் ஒரு வாய் சாப்பிடட்டும், அப்புறம் பக்குவமா சொல்லிக்கலாம்."

அவர் கெட்டவர் இல்லை. சொன்னபோது அக்கா இருந்த பக்கமே அவர் திரும்பவில்லை.

மைக் முன்னால் நின்று முதல் பத்தியைப் படித்தேன். கீழே அக்கா மகளை மடியில் வைத்துக்கொண்டு, என்னைக் காட்டி ஏதோ சொல்லிச் சிரித்தார். தாளை அப்படியே வைத்துவிட்டு இறங்கினேன். மேனேஜர் கையை நீட்டித் தடுத்ததையும் தாண்டிப் போய், அக்கா முன்னால் குனிந்து சொன்னேன்.

"வேலையில அவருக்கு அடிபட்டுடுச்சுக்கா. பெரிய அடி. வாங்க, இப்பவே போலாம்."

அக்கா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். "உசுரு கீதா? அத்த மட்டும் சொல்லு."

"இருக்குக்கா" என்றேன். ஆட்டோ பிடித்தோம். மெட்ரோ வேலைக்காக வைத்த தடுப்புகளால் பூந்தமல்லிக்கு முன்பே வண்டிகள் நின்றுவிட்டன. இறங்கி ஓடினோம். குழந்தை என் இடுப்பில். மண்டபத்தில் கழற்றிய செருப்பை அக்கா போடவே இல்லை. கொதிக்கிற ரோட்டில் வெறுங்காலோடு ஓடினார். ஆவடி ரோடு திரும்பியதும்தான் வேறு ஆட்டோ கிடைத்தது.

ஆஸ்பத்திரியில் அவரை ஆபரேஷனுக்குக் கொண்டுபோகத் தள்ளுவண்டியில் படுக்கவைத்திருந்தார்கள். நினைவு இருந்தது. மனைவியைப் பார்த்ததும், "பாப்பா சாப்ட்டுச்சா?" என்றார்.

"சாப்ட்டுச்சு. நீ பேசாத" என்று பொய் சொல்லி, அக்கா அவர் முகத்தைத் துடைத்தார். கதவு வரை கையை விடவில்லை.

ஆபரேஷன் முடியும் முன்பே அவர் உயிர் போய்விட்டது.

மண்டபத்தில் என் உரையை வேறொருவர் படித்து முடித்தாராம். சாப்பாடும் நடந்ததாம். முதலாளி அதன்பிறகு என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கொஞ்ச நாளில் நானே வேலையை விட்டேன்.

காரியத்தன்று அக்கா என்னைத் தனியாக உட்காரவைத்துச் சொன்னார். "அன்னிக்கு நீ சொல்லாம இருந்திருந்தா, அவரு என்னைத் தேடிகினு கெடந்த நேரத்துல நான் அங்க சிரிச்சுகினு சோறு துன்னுகினு இருந்திருப்பேன். அத்த நெனச்சே செத்திருப்பேன்மா."

கெட்ட செய்தியைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம் என்று யாராவது நல்லெண்ணத்தோடு சொல்லும்போதெல்லாம், நாம் எடுத்துக்கொள்ளும் அந்தக் கொஞ்ச நேரம் நம்முடையதே இல்லை என்று இன்றும் எனக்குப் பதறுகிறது.