அறையில் இன்னொருவர்

பண்ணைப்புரத்தில் வீட்டிலிருந்தபடியே, ஆன்லைனில் நூலகப் படிப்பு படிக்கிறேன். செல்போனில் தேர்வுச் செயலியைப் புதுப்பித்த மறுநாள் தேர்வு. அறையில் எத்தனை பேர் என்று கேமரா கண்காணிக்கும் புதிய வசதி பற்றிய அறிவிப்பை நான் படிக்கவே இல்லை.

மூன்றாவது கேள்வியில், 'அறையில் இன்னொருவர் இருக்கிறார்' என்று எச்சரிக்கை வந்தது. திடுக்கிட்டுத் திரும்பினேன். யாருமில்லை. கதவைத் தாழிட்டேன். மறுபடியும் அதே எச்சரிக்கை. இன்னொரு முறை வந்தால் தேர்வு ரத்தாம்.

"உள்ள யாருமே இல்லைங்க, இருக்காகன்னு சொல்லுது!" என்று கத்தினேன்.

வெளியே இருந்த கணவர், "சுவத்துல ஆத்தா இருக்கால்ல புள்ள!" என்றார்.

வீரபாண்டித் திருவிழாவில் வாங்கிய அம்மன் படம்! பாய்ந்து கழற்றினேன். தேர்வு ரத்தாகாமல் தப்பியது.

இப்போதெல்லாம் அறிவிப்பை முழுதாகப் படித்துவிட்டே தேர்வுக்கு உட்காருகிறேன். படத்தைச் செல்போனுக்குப் பின்னால் சாய்த்து வைத்துவிடுகிறேன். கேமராவோடு சேர்ந்து ஆத்தாளும் என்னையே பார்க்கட்டும்.