முத்துராணியின் மூன்று மூக்குகள்

திருநெல்வேலி டவுணில் ஒரு நகைக்கடையில் மூக்குத்திப் பிரிவில் நிற்பவள் முத்துராணி. வாங்க வருகிறவர்களுக்குக் கண்ணாடி பிடித்துக் காட்டுவது வேலை. கண்ணாடி பிடிக்கிறவளின் மூக்கையும் அவர்கள் பார்க்கிறார்கள் என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள். அகலமான சப்பை மூக்கு. மதுரைக்குப் போய் அறுவை சிகிச்சை செய்து கூராக்கிக்கொண்டு வந்தாள். வீட்டில் சொன்னது சைனஸ் ஆபரேஷன்.

எல்லோரும் நம்பியதுதான் தொந்தரவு. சீவலப்பேரியிலிருந்து மாமியார் மாரித்தாய் ஒரு பை நொச்சி இலையோடு வந்திறங்கினாள். தயிர் கூடாது, ஆற்றில் குளிக்கக் கூடாது. நன்றாக இருந்த மூச்சுக்காக முத்துராணி போர்வைக்குள் உட்கார்ந்து நொச்சி ஆவியில் வேது பிடித்தாள்.

மூக்கு அழகாகத்தான் இருந்தது. வீக்கம் வடிய வடிய மூச்சுதான் குறைந்தது. சற்று வேகமாக இழுத்தால் மூக்கின் இரண்டு பக்கமும் உள்ளே ஒட்டிக்கொள்ளும். சப்பை மூக்கோடு இருந்த காலத்தில் மூச்சு என்று ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது.

ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, புருஷன் மாரிசெல்வத்தோடு பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரிடம் போனாள். உண்மை அங்கேதான் அவனுக்குத் தெரிந்தது.

"போன தடவை குருத்தெலும்பை அதிகமா எடுத்துட்டாங்க. காதுல இருந்து கொஞ்சம் எடுத்து வச்சுத் தாங்கணும், பத்தலைன்னா விலாவுல இருந்து. உள்ளே தழும்பு இருக்கறதால எதையும் உறுதியாச் சொல்ல மாட்டேன். மூச்சு பெரும்பாலும் சரியாகும். மூக்கு கொஞ்சம் அகலமாகும்."

"எவ்வளவு அகலம் டாக்டர்?"

"அது எனக்கும் பிறகுதான் தெரியும்."

பஸ் நிறுத்தத்தில் மாரிசெல்வம் கேட்டான். "அப்பம் எங்கம்மா வேது பிடிக்க வச்சது?"

"அது சும்மா பிடிச்சது."

"இப்பம் மூச்சு முட்டுதுங்கியே, இதாவது நெசமா?"

அவள் வாயை மூடி இழுத்துக் காட்டினாள். பக்கங்கள் இரண்டும் ஒட்டின. "போதும்ட்டி, பைய மூச்சு விடு. பாக்கவே பயமாருக்கு" என்றான்.

வீட்டில் எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டாள். மாரித்தாய் கோபப்படவில்லை. "எம் நொச்சி ஏன் கேக்கலன்னு இப்பம்லா தெரியுது" என்று நிம்மதியானாள். நாத்தனார் கலையரசிக்குத்தான் சந்தேகம். "மூச்சு மூச்சுங்கா. இன்னும் கூராக்கப் போறா, பாத்துக்கோங்க."

"இல்ல மயினி, அகலமாகப் போவுது."

"மூக்கை அகலமாக்க யாராவது ஆஸ்பத்திரிக்குப் போவாவளா?"

முத்துராணி அழகுக்குப் போனபோது நோய் என்றாள், நம்பினார்கள். நோய்க்குப் போகும்போது அழகு என்கிறார்கள்.

கடையில் ஆளில்லாத நேரம் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்புவாள். விரல்களால் மூக்கின் பக்கங்களை விரித்துப் பிடித்தால் காற்று வந்தது, முகம் பழைய முகமானது. விட்டால் அழகு வந்தது, காற்று நின்றது. இதையே பல நாள் செய்து பார்த்தாள். ஒருநாள் மத்தியானம் வாடிக்கையாளரிடம் ஒரு மூக்குத்தியின் விலையைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சுக்காக நிறுத்த வேண்டிவந்தது. சாயங்காலம் டாக்டருக்கு போன் செய்தாள்.

ஆபரேஷனில் காதிலிருந்து எடுத்ததே போதுமாக இருந்தது. கட்டுப் பிரித்த அன்று கண்ணாடியில் தெரிந்தது முதல் மூக்கும் இல்லை, இரண்டாவதும் இல்லை. யாருடையதோ போல வீங்கியிருந்தது. "வீக்கம் முழுசா வடிய ஒரு வருஷத்துக்கு மேலேயும் ஆகலாம். அதுவரைக்கும் நல்லாருக்கு, நல்லால்லன்னு முடிவு பண்ணாதீங்க" என்று அவளிடம் சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த அறைக்குப் போனார்.

"மூச்சு வருதா?" என்றான் மாரிசெல்வம்.

"வருது. பாக்க எப்படி இருக்கு?"

"அதான் முடிவு பண்ணக் கூடாதுன்னுட்டாருல்லா."

கோபமா, சிரிப்பா என்று தெரியாமல் அவள் நீளமாக ஒரு மூச்சு இழுத்தாள். அது தடையில்லாமல் உள்ளே போயிற்று.