பத்துப் படி ஏணியும் என் அழிரப்பரும்

1. மூக்கு துடைத்த நாள்

நான் லட்சியத்தால் ஆசிரியர் ஆனவன் அல்ல. வங்கித் தேர்வில் மூன்று முறை, ரயில்வே தேர்வில் இரண்டு முறை தோற்றவனுக்குப் புனேயில் ஒரு சொந்தக்காரர் பிடித்துக் கொடுத்த வேலை அது. தொண்ணூற்றிரண்டு ஜூன் மாதம், கட்கியை ஒட்டிய ஓர் ஆங்கில வழித் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கு வாத்தியாரானேன். முதல் நாள் ஒரு பையன் அழுதான். அவனைப் பார்த்து ஒரு பெண் அழுதாள். பத்து நிமிஷத்தில் வகுப்பே அழுதது. எல்லோரும் மாவ்ஷி, அதாவது சித்தி, என்று கூப்பிடும் ஆயா சுமன் உள்ளே வந்து, எல்லோரையும் அதட்டி உட்கார வைத்துவிட்டு, என்னைப் பார்த்து மராத்தியில் கேட்டார்:

"சர், உங்களுக்கும் மூக்கு துடைச்சு விடணுமா?"

தேவையாகத்தான் இருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

எனக்கு முன் இருந்த டீச்சரிடமிருந்து மேசை, பிரம்பு, ஒரு விதி ஆகிய மூன்றும் எனக்கு வந்தன. மேசை ஆடியது. பிரம்பை மாவ்ஷியிடம் கொடுத்தேன், அவர் அதை ஒட்டடைக் கம்பாக்கினார். விதி இதுதான்: வெளியே போக வேண்டும் என்றால் எழுந்து நின்று "மே ஐ கோ டு தி டாய்லெட், சர்?" என்று முழு வாக்கியமாக ஆங்கிலத்தில் கேட்க வேண்டும். மராத்தியில் கேட்டால் "இன் இங்கிலீஷ்" என்று சொல்லி உட்கார வைக்க வேண்டும். இந்தியில் கேட்டாலும், தமிழில் கேட்டாலும் அதே பதில்தான். பிரம்பைத் தூக்கி எறிந்தவன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்ட நான், விதியைப் பத்திரமாக வைத்துக்கொண்டேன். அது வலிக்காது என்று நினைத்தேன்.

2. விமான் நகரில் கிடைத்த ஞானம்

பதினைந்து வருஷம் அப்படியே ஓடியது. இரண்டாயிரத்து ஏழு வாக்கில் ஒரு நாள் பிரின்சிபால் மேடம் என்னை விமான் நகர் ஹோட்டல் ஒன்றில் நடந்த பயிற்சிக்கு அனுப்பினார். மற்ற டீச்சர்களுக்கு வீட்டில் வேலை இருந்தது, எனக்கு இல்லை. தேர்வு முறை அவ்வளவுதான்.

பயிற்சி கொடுத்த அம்மாள் நன்றாகவே பேசினார். புத்தி பிறவியில் அளந்து கொடுத்த சாமான் அல்ல, பழகப் பழக வளரும் என்றார். பிள்ளை "என்னால் முடியாது" என்றால் "இன்னும் இல்லை, அவ்வளவுதான்" என்று சொல்லச் சொன்னார். ஒவ்வொரு பிள்ளையும் ஓர் இலக்கு வைத்துக்கொள்ளட்டும், சின்னதாக இருந்தால் போதும், ஆனால் அது பிள்ளையின் சொந்த இலக்காக இருக்க வேண்டும் என்றார். இந்தக் கடைசி விஷயத்தை மூன்று தடவை அழுத்திச் சொன்னார். என் நோட்டில் அந்த இடத்தில் ஒரு பூ வரைந்திருக்கிறேன். பக்கத்து ஹாலில் சாப்பாடு திறந்து, பனீர் வாசனை வந்துகொண்டிருந்த நேரம் அது.

திரும்பி வரும்போதே எனக்கு ஜுரம் மாதிரி உற்சாகம். மறுநாள் கட்கி பஜாரில் "NOT YET" என்று ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்யக் கொடுத்தேன். கடைக்காரர், "சாப், இதை எந்த ஆபீஸில் குத்துவார்கள்?" என்று கேட்டார். எங்கள் ஆபீஸில்தான் என்றேன் பெருமையாக.

வகுப்புச் சுவரில் சார்ட் ஒட்டிப் பத்துப் படியோடு ஏணி வரைந்தேன். முப்பத்தெட்டு பிள்ளைகளுக்கு முப்பத்தெட்டு காகிதப் பொம்மைகள். ஆளுக்கொரு அட்டை. அட்டையில் பெயர், இலக்கு, கீழே வாரக் கட்டங்கள். வெள்ளிக்கிழமை தோறும் முன்னேறியவர் பொம்மை ஒரு படி ஏறும். முன்னேறாதவர் அட்டையில் என் ஸ்டாம்ப் விழும்.

3. முப்பத்தெட்டாவது அட்டை

பிள்ளைகள் எழுதியவற்றை இன்று நினைத்தாலும் சிரிப்பு வரும். ஒருவன் விமானம் ஓட்ட வேண்டும், அதுவும் தீபாவளிக்குள் என்று எழுதியிருந்தான். அவன் அப்பா லோஹேகாவ் ஏர்ஃபோர்ஸில் சமையல்காரர். ஒருத்தி தம்பியை நாளுக்கு இரண்டு தடவைக்கு மேல் கிள்ள மாட்டேன் என்று எழுதினாள். அந்த இரண்டை விட்டுக்கொடுக்க அவள் தயாராக இல்லை.

கடைசி அட்டை பவானியுடையது. கட்கிக்கு அடுத்த போபோடிப் பகுதிப் பெண். இரண்டாம் வகுப்பு வரை கார்ப்பரேஷன் தமிழ்ப் பள்ளியில் படித்துவிட்டு அந்த வருஷம்தான் எங்களிடம் வந்திருந்தாள். அப்பா முருகேசன் தொழிற்சாலையில் பேக்கிங் செக்ஷன், பூர்வீகம் வேலூர்ப் பக்கம். சேர்க்க வந்த அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"புள்ள பயந்துக்கினு கீது சார். அங்க நம்ம சார் ஒர்த்தரு கீறாரு, உனுக்கு இன்னா பயம்னு சொல்லி இட்டாந்தேன்."

நம்ம சார் என்ன செய்தார் என்றால், வகுப்பில் அவளிடம் ஒரு வார்த்தை தமிழ் பேசவில்லை. மற்ற பிள்ளைகள் முன்னால் பாரபட்சம் காட்டக் கூடாதாம். அப்படி ஒரு நீதிமான் நான்.

பவானி வகுப்பில் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. எழுதச் சொன்னால் எழுதுவாள், கேட்டால் தலை அசைப்பாள். அவளுடைய அட்டையில் பென்சிலால், தமிழில், நன்றாக அழுத்தி எழுதியிருந்தது:

'சாரிடம் கேட்டு பாத்ரூம் போக வேண்டும்.'

அந்தப் பள்ளியில் அதைப் படிக்கக்கூடிய ஒரே ஆள் நான்.

படித்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது, அதற்குப் பிறகு கவலை வந்தது. சுவரில் தொங்கப்போகும் அட்டை. பிரின்சிபால் இது என்ன என்று கேட்பார், பெற்றோர் பார்ப்பார்கள். விமானம் ஓட்டுகிறவன் பக்கத்தில் பாத்ரூமா? அவளை மேசைக்குக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தி, முதல் தடவையாகத் தமிழில் பேசினேன்.

"இதெல்லாம் ஒரு கோலாம்மா? பெருசா யோசிக்கணும். ஸ்டேஜ்ல நின்னு இங்கிலீஷ் புக்ல ஒரு பக்கம் படிக்கிறேன்னு வெச்சுக்கலாமா?"

அவள் என் கையிலிருந்த அழிரப்பரைப் பார்த்தாள். தலையசைத்தாள். மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் தலையசைப்புக்கு 'சரி' என்று பொருள் இல்லை, 'நான் இடத்துக்குப் போகலாமா' என்றுதான் பொருள். பதினைந்து வருஷ சர்வீஸில் எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். அழித்தேன். மேலே பேனாவால் ஆங்கிலத்தில் என் இலக்கை அவள் பெயரில் எழுதினேன்.

4. ஒன்பது வெள்ளிக்கிழமை

மற்ற பொம்மைகள் ஏறின. பவானியின் பொம்மை முதல் படியிலேயே நின்றது. ஒவ்வொரு வெள்ளியும் "இந்த வாரம் படித்துக் காட்டுகிறாயா?" என்று கேட்பேன். அவள் நிற்பாள். புத்தகம் கையில் இருக்கும், குரல் வராது. நான் கொஞ்சமும் கோபப்படாமல், புன்னகையோடு, பயிற்சியில் சொன்னபடியே "நாட் யெட்!" என்று சொல்லிக் குத்துவேன். தாசில்தார் கூட அத்தனை சந்தோஷமாகக் குத்தியிருக்க மாட்டார். ஒன்பது வாரத்தில் ஒன்பது முத்திரைகள்.

பிள்ளைகள் அவளுக்கு அதையே பெயராக வைத்துவிட்டார்கள். "ஏ நாட்யெட், பால் போடு!" என்று மைதானத்தில் கூப்பிடுவது என் காதில் விழுந்தது. உற்சாகமூட்டும் சொல்தானே, பரவாயில்லை என்று இருந்துவிட்டேன்.

ஒரு நாள் மாவ்ஷி தண்ணீர் பாட்டிலோடு வந்து நின்றார்.

"சர், அந்தப் போபோடிப் பொண்ணு தண்ணியே குடிக்கிறதில்ல. காலையில கொண்டுவர்றது அப்படியே சாயங்காலம் திரும்பிப் போகுது."

"நம்ம பள்ளிக்கூடத் தண்ணியை விட வீட்டுத் தண்ணி ருசி போல, பத்திரமா வீட்டுக்கே கொண்டு போறா மாவ்ஷி" என்றேன்.

மாவ்ஷி சிரிக்கவில்லை. என் ஜோக்குகளுக்கு அவர் எப்போதுமே சிரித்துவிடுவார். அன்று பாட்டிலை என் மேசை மேல் வைத்துவிட்டுப் போனார்.

5. கோல் டே

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை. பெற்றோர் முன்னால் பிள்ளைகள் தங்கள் இலக்கைச் செய்து காட்டும் நாள். பிரின்சிபால் மேடம் அதற்கு 'கோல் டே' என்று பேனர் கட்டிவிட்டார். முருகேசன் ஷிப்ட் மாற்றிக்கொண்டு, மனைவியோடு இரண்டாவது வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை.

பிள்ளைகளை ஒன்பதரைக்கே வரிசையில் நிறுத்திவிட்டோம். சிறப்பு விருந்தினர் வந்தபோது பதினொன்றரை. இடையில் சிலர் கை தூக்கி முழு வாக்கியத்தில் கேட்டுவிட்டு வெளியே போய் வந்தார்கள். நானே அனுப்பினேன். பவானி இருபத்திரண்டாவதாக நின்றாள். இரண்டு தடவை என்னையே பார்த்தாள். மேடைப் பயம் என்று நினைத்து, இரண்டு தடவையும் கட்டை விரலை உயர்த்திக் காட்டினேன்.

அவள் முறை வந்தது. மேடை ஏறினாள், புத்தகத்தைத் திறந்தாள், படிக்க ஆரம்பித்தாள்.

கணீரென்ற குரல். ஆறு மாதத்தில் நான் ஒரு தடவை கூடக் கேட்டிராத குரல். ஒரு வார்த்தை தடுக்கவில்லை. எனக்குப் புல்லரித்தது. பயிற்சி கொடுத்த அம்மாளுக்குக் கடிதம் எழுத வேண்டும் என்று கூட நினைத்தேன். நான்காவது வரியிலோ ஐந்தாவது வரியிலோ முன்வரிசைப் பிள்ளைகள் அவள் காலைப் பார்த்தார்கள். வெள்ளைச் சாக்ஸ் நனைந்து நிறம் மாறிக்கொண்டிருந்தது. மேடைப் பலகையில் ஈரம் பரவியது. முதலில் ஒரு சிரிப்பு, பிறகு எல்லோர் சிரிப்பும்.

அவள் நிறுத்தவில்லை. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. நின்ற இடத்திலேயே நின்று, பக்கத்தின் கடைசி வரி வரை படித்தாள். புத்தகத்தை மூடினாள். "தேங்க் யூ" என்றாள். நான் மேடைக்குப் போகவில்லை. மைக் பக்கத்தில் மரம் மாதிரி நின்றேன். மாவ்ஷிதான் ஓடிப்போய்த் தன் சேலைத் தலைப்பை அவளுக்குச் சுற்றிக் கீழே இறக்கினார். அவர் என்னைக் கடந்து போனபோது என் முகத்தைப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை பிரின்சிபால் மேடம் சார்ட் முன்னால் நின்றுகொண்டு ஆங்கிலத்தில் சொன்னார்: "நடந்தது வருத்தம்தான் சர். ஆனால் அவள் இலக்கை முடித்துவிட்டாள், இல்லையா? முப்பத்தெட்டுக்கு முப்பத்தெட்டு. ரிப்போர்ட்டில் போட்டுவிடலாம்."

போட்டோம். பவானியின் பொம்மையை முதல் படியிலிருந்து எடுத்துப் பத்தாவது படியில் நானே ஒட்டினேன். அவள் இடம் காலியாக இருந்தது.

6. போபோடி

வியாழக்கிழமை வரை அவள் வரவில்லை. அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். சட்டைப் பையில் அவளுடைய அட்டை. பத்தாவது படி என்று தங்க நட்சத்திரம் ஒட்டி எடுத்துப் போயிருந்தேன். ஒற்றை அறை வீடு. பவானி மூலையில் முதுகைக் காட்டி உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. முருகேசன் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அந்த மரியாதைதான் என்னைக் கொன்றது.

"அவ வரமாட்டா சார். பழைய ஸ்கூலுக்கே போறேங்கறா. நானும் சரின்னுட்டேன்."

"அவ ரொம்ப நல்லாப் படிச்சா. இன்னும் கொஞ்ச நாள் போனா எல்லாரும் மறந்துடுவாங்க..."

"படிச்சா சார். ஒரு வரி வுடல. நைட்டெல்லாம் சொல்லிச் சொல்லிப் பாத்துக்கினு இருந்தா. எங்களுக்கு இன்னா தெரியும், கேட்டுக்கினு இருந்தோம்." மனைவியிடம் டீ போடச் சொல்லிக் கை காட்டினார். "நான் ஒண்ணுதான் சார் கேட்டேன் அவளை. வெளிய போவணும்னா சாராண்ட சொல்ல வேண்டியதுதான பாப்பா, அவரு நம்ம ஆளு, தமிழ்ல கேட்டா ஆவாதான்னு கேட்டேன். அதுக்கு இன்னா சொன்னா தெரியுமா?"

"என்ன சொன்னா?"

"'சார்கிட்ட எழுதியே குடுத்தேன்பா'ன்னா. இன்னா எழுதிக் குடுத்தான்னு எனுக்குத் தெரியல சார். உங்களுக்குத் தெரியுமா?"

சொல்ல வேண்டிய முழு வாக்கியமும் என்னிடம் இருந்தது. தமிழில், இந்தியில், மராத்தியில், ஆங்கிலத்தில் கூட இருந்தது. வாய் திறந்தது, குரல் வரவில்லை. தலையை மட்டும் அசைத்தேன். முருகேசன் அதை இல்லை என்று எடுத்துக்கொண்டார். டீ வந்தது. குடித்தேன். அட்டையைப் பையிலிருந்து எடுக்காமலே எழுந்து வந்துவிட்டேன். பவானி கடைசி வரை திரும்பவில்லை.

அவள் பழைய பள்ளிக்குப் போனாள். அங்கே ஏழாம் வகுப்பு வரைதான். அதற்குப் பிறகு அவள் என்ன ஆனாள் என்று எனக்குத் தெரியாது. கேட்டால் தெரிந்திருக்கும். போபோடி என் வீட்டிலிருந்து இரண்டு பஸ் நிறுத்தம்.

7. கதவுப் பக்கத்து ஆணி

ஸ்டாம்பை மறுநாளே குப்பையில் போட்டேன். ஏணியைக் கிழித்தேன். கதவுப் பக்கத்தில் ஓர் ஆணி அடித்து, நூல் கட்டிய ஒரு மரத் துண்டை மாட்டினேன். வெளியே போக வேண்டியவர் அதை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு போகலாம். யாரையும் கேட்க வேண்டாம், எந்த மொழியும் வேண்டாம். "டிசிப்ளின் போய்விடும் சர்" என்றார் மேடம். ஒன்றும் போகவில்லை. மாவ்ஷி அதை வாரத்துக்கு ஒரு தடவை கழுவி மாட்டினார். ஆனால் அந்த வருஷம் முழுக்க என் ஜோக் எதற்கும் அவர் சிரிக்கவில்லை.

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். பிள்ளைகளை இலக்கு வைக்கச் சொல்லுங்கள், நல்ல பழக்கம்தான். புத்தி வளரும் என்பதும் உண்மைதான். ஆனால் பிள்ளை எழுதிக் கொடுப்பது சில சமயம் இலக்கு அல்ல, மனு. எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அதில் கை வைக்காதீர்கள். முதலில் அதை நிறைவேற்ற உங்களால் ஆனதைச் செய்யுங்கள். சுவரில் மாட்டாதீர்கள். அந்த நேரத்தில் அழிரப்பர் உங்கள் கைக்கு எட்டாமல் இருக்கட்டும்.

அட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது. தங்க நட்சத்திரம் கறுத்துவிட்டது, ஒன்பது முத்திரைகளும் மங்கிவிட்டன. என் பேனா எழுத்து கூட வெளுத்துப்போய்விட்டது. ஆனால் ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தால் அடியில் இருக்கும் பென்சில் பள்ளம் இன்றும் படிக்கக் கிடைக்கிறது. அவள் நன்றாக அழுத்தி எழுதியிருந்தாள்.