அழிக்கச் சொன்ன கம்ப்யூட்டர்

போன வருஷம் ஆடி மாசம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில், கம்ப்யூட்டரில் துணி வெட்டுவதற்கான பேட்டர்ன் வரைகிற வேலை எனக்கு. காலையில் ஆன் செய்தால் நீலத் திரை. தானாக அணைந்து, திரும்பவும் அதே நீலத் திரை. நாலு வருஷமாக நான் வரைந்தது அத்தனையும் அதற்குள்தான். வேறெங்கும் நகல் எடுத்து வைக்காதது என் தப்பு.

சர்வீஸ்காரர் வந்தார். முந்தின நாள்தான் பேட்டர்ன் அச்சடிக்கும் புது மெஷினுக்காக அவரே ஏதோ சாஃப்ட்வேர் ஏற்றிவிட்டுப் போயிருந்தார். அஞ்சு நிமிஷம்கூடப் பார்க்கவில்லை. "வைரஸுங்க. எல்லாத்தையும் அழிச்சுப்போட்டு புதுசா ஏத்தோணும்" என்றார்.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "பென் டிரைவுல என்னத்தைம்மா கொண்டாந்து போட்டீங்க?"

என்னிடம் பென் டிரைவே கிடையாது. சொன்னேன், காதில் வாங்கவில்லை. ஹாலில் இருந்தவர்கள் எல்லாம் என்னையே பார்த்தார்கள்.

அப்போது செக்கிங் டேபிளிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. தைத்த பனியனில் ஓட்டை, கறை இருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. "சார், அழிக்கதுக்கு முன்னாடி சேஃப் மோடுல ஒரு தடவை தொறந்து பாக்கட்டுமா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

சர்வீஸ்காரர் சிரித்தார். "பீஸ் பாக்கறவங்களுக்கு இதெல்லாம் எதுக்குங்க?" மேனேஜரும் கூடச் சேர்ந்து சிரித்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டேன். "நீ உக்காரு கண்ணு. என்ன ஆனாலும் நான் பாத்துக்கறேன்."

ரெண்டு மூணு தடவை அணைத்து அணைத்துப் போட்டாள். ஒரு பட்டியல் வந்தது, அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். கறுப்புத் திரை, நாலு மூலையிலும் சேஃப் மோடு என்று எழுத்து. அத்தியாவசியமானதை மட்டும் வைத்துக் கம்ப்யூட்டர் ஓடுமாம். என் ஃபைல்கள் ஒன்றுகூடப் போகவில்லை. முந்தின நாள் ஏற்றிய சாஃப்ட்வேரை மட்டும் நீக்கிவிட்டு மறுபடி ஆன் செய்தாள். எப்போதும்போல வந்துவிட்டது.

"சில சமயம் இப்படியும் ஆகுமுங்க" என்று சர்வீஸ்காரர் பையைத் தூக்கிக்கொண்டார். மேனேஜர் அவளிடம், "சரி, டேபிளுக்குப் போம்மா, பீஸ் குவிஞ்சு கெடக்குது" என்றார். அவ்வளவுதான். அவளுக்கு ஒரு நன்றி சொல்லவில்லை, என்னிடம் ஒரு மன்னிப்பும் கேட்கவில்லை.

என்ன படித்தாய் என்று கேட்டேன். கம்ப்யூட்டர் டிப்ளமோவாம். "சேரும்போதே சொன்னேன்க்கா. செக்கிங்குக்குத்தான் ஆள் வேணும்னாங்க."

மறுநாள் முதலாளியிடமே போய், அவளைக் கம்ப்யூட்டர் வேலைக்கு மாற்றச் சொன்னேன். பார்க்கலாம் என்றார். மூணு மாசம் பார்த்தார். அவள் வேறொரு கம்பெனியின் டிசைன் ரூமுக்குப் போய்விட்டாள்.

மேனேஜர் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. ஆனால் ரெண்டு வருஷம் ஒரே ஹாலில் இருந்தும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்காதவள் நானும்தான் என்று நினைக்கும்போது, அந்தக் கோபத்தில் பாதி என் மேலேயே திரும்புகிறது.