புடிக்குதா

எங்கள் பக்கம் மலையே கிடையாது. ஆனால் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நான் வேலை பார்க்கும் பட்டறையிலிருந்து போகிற வண்டிகள் எல்லாம் மலைக்குத்தான் போகின்றன. டீசல் வேனுக்குள் கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் வைத்து, குடும்பத்தோடு ஊர் சுற்றுகிற வீட்டு வண்டியாக மாற்றித் தருகிறோம். ஊரில் யாரிடம் சொன்னாலும், "சினிமாக்காரங்க கேரவனா?" என்று கேட்பார்கள். விளக்கம் சொல்லி அலுத்து, ஆமாம் என்று சொல்லப் பழகிவிட்டேன்.

மலை இறங்கும்போது கால் பிரேக்கையே மிதித்துக்கொண்டிருந்தால் அது சூடேறிக் கைவிட்டுவிடும். அதற்காகத்தான் எக்ஸாஸ்ட் பிரேக். புகைக் குழாய்க்குள் ஒரு தகடு இருக்கும். சுவிட்சைப் போட்டதும் அது திரும்பிக் குழாயை அடைக்கும். வெளியேற முடியாத புகை எஞ்சினையே இழுத்துப் பிடிக்கும். வண்டி நின்றுவிடாது, வேகமும் எடுக்காது. இதைச் சோதித்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. மலைக்குப் பதிலாக எங்களுக்கு இருப்பது ரயில்வே மேம்பாலம்.

பட்டறையில் டிரைவர் ஒருவன் இருந்தான், சோதனைக்கு அவன்தான் ஓட்டுவான். நான் பக்கத்து இருக்கையில் அழுத்தமானியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பாலத்து உச்சியில், "உடு!" என்பேன். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துச் சுவிட்சைப் போடுவான். எஞ்சின் தொண்டை கட்டியதுபோல் கரகரக்கும்.

"புடிக்குதா?"

"புடிக்குது மேடம்."

சில மாதங்களில் அந்த 'மேடம்' போய்விட்டது. பிறகு முள்ளைப் பார்க்க வேண்டிய நேரத்தில் நான் அவனைப் பார்த்தேன். சாலையைப் பார்க்க வேண்டிய நேரத்தில் அவன் என்னைப் பார்த்தான். "புடிக்குதா?" "ரொம்பப் புடிக்குது." சீட்டுக்கு உறை தைக்கும் அக்காதான் முதலில் கண்டுபிடித்தாள். "இன்னாமே, தெனிக்கும் பாலத்துக்கே போய்க்கினு கீறீங்க? பிரேக்கு புடிக்குதா, ஆளு புடிக்குதா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். நான் ஸ்பேனரைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

பள்ளியில் தமிழ் இலக்கணத்தில் எனக்குப் பிடித்த பாடம் தோன்றா எழுவாய். வாக்கியத்தில் எழுவாய் வெளியே தெரியாது, ஆனால் இருக்கும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அம்மாவும் நைனாவும் வயல் வேலைக்குப் போனார்கள், நான் இலக்கணம் படித்தேன், பிறகு ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்தேன். அந்தப் பாடம் ஒருநாள் மேம்பாலத்தில் வந்து நிற்கும் என்று யார் நினைத்தார்கள்?

மீஞ்சூரிலிருந்து அவன் அம்மாவை அழைத்துக்கொண்டு திருப்பாச்சூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தான். நைனா வாய் ஓயாமல் பேசினார். "எம்பொண்ணு கையெழுத்து போட்டாதாம்மா வண்டி கேட்டைத் தாண்டும்."

அவன் அம்மா என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணில் புகைக்கரி நிற்கும்.

"நல்ல பொண்ணுதான். ஆனா ஆம்பளைங்க நடுவுல வண்டிக்கடியில படுத்துக்கினு இருந்தா நாலு பேரு இன்னா பேசுவாங்க? கல்யாணத்துக்கப்புறம் இந்த வேலை வாணாம்மா. உட்டுடு."

நான் அவனைப் பார்த்தேன். அவன் போண்டாத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் பட்டறைக்கு வெளியே அவனிடம் சொன்னேன். "வேலைய உட மாட்டேன். உங்கம்மா கிட்ட நீதான் பேசணும். ஞாயித்துக்கெழம பேசிட்டு வந்து சொல்லு." சரி என்று தலையாட்டினான்.

திங்கட்கிழமை காலையில் ஒரு பழைய வீட்டு வண்டி வந்து நின்றது. மழைக்காலம் முழுவதும் ஓட்டாமல் நிறுத்தி வைத்திருந்தார்களாம். எக்ஸாஸ்ட் பிரேக்கைப் பயன்படுத்தாமல் விட்டால் தகட்டின் அச்சில் கரியும் துருவும் சேர்ந்து இறுகிவிடும். அடியில் படுத்து, காற்றுக் குழாயைக் கழற்றி, சூடு தாங்கும் ஸ்பிரேயை அடித்து, தகட்டைத் திருப்பும் நெம்புகோலைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டிருந்தேன். எண்ணெயோ கிரீஸோ போட்டால் சூட்டில் கருகி இன்னும் இறுகும், பொறுமையாகத்தான் ஆட்ட வேண்டும். என் முகத்துக்கு நேராக அவன் செருப்புகள் தெரிந்தன. கொஞ்ச நேரம் நின்றன. பேச வந்திருக்கிறான் என்று ஆட்டுவதை நிறுத்தினேன். செருப்புகள் நகர்ந்து போயின.

தகடு இளகியது. காற்றுக் குழாயை மாட்டி, இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன். குமிழி வரவில்லை. நிற்கிற வண்டியில் சுவிட்சைப் போட்டபோது நெம்புகோல் பட்டென்று திரும்பியது. இனி பாலம்தான்.

வழியெல்லாம் அவன் கண் சாலையிலேயே இருந்தது. நானாக எதுவும் கேட்கவில்லை. ஒரு நல்ல செய்தியைச் சொல்லத் தைரியம் எதற்கு என்று மனசுக்குள் தோன்றியதை ஓரமாகத் தள்ளிவைத்தேன். உச்சிக்கு வந்ததும், "உடு" என்றேன். எஞ்சின் கரகரத்தது. முள் ஏறி, நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. கால் பிரேக்கைத் தொடாமலே அவ்வளவு பெரிய வண்டி அடக்கமாக இறங்கியது. பழக்கத்தில் வாய் கேட்டுவிட்டது.

"புடிக்குதா?"

இறக்கத்தில் பாதி வந்த பிறகுதான் சொன்னான்.

"வண்டி புடிக்குது."

வண்டி. அத்தனை நாளும் அவன் சொல்லாத எழுவாய்.

"பேசினியா?" என்று கேட்டேன்.

"பேசினேன். அம்மா அழுவுது. எனக்குன்னு இருக்கிறது அது ஒண்ணுதான். அத எதுத்துக்கினு..." ஸ்டீயரிங்கைப் பார்த்தே சொன்னான். "நீ கொஞ்சம் உட்டுக் குடுத்திருந்தா..."

"இன்னொரு வாட்டி ஏத்து," என்றேன். "ஒரே ஓட்டத்துல கையெழுத்து போட மாட்டேன்."

திரும்பி வந்து ஏறினோம். இந்த முறை "உடு" என்று மட்டும் சொன்னேன். கேள்வி கேட்கவில்லை. முள்ளை மட்டும் பார்த்தேன். அது கலங்கலாகத் தெரிந்தது.

பட்டறைக்கு வந்ததும் மறுபடி வண்டிக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டேன். ஓட்டத்துக்குப் பிறகு நட்டுகள் தளர்ந்திருக்கின்றனவா என்று பார்ப்பது வழக்கம்தான். ஆனால் அன்று எல்லாம் இறுக்கமாக இருப்பது தெரிந்த பிறகும் வெளியே வரவில்லை. குழாயின் சூடு முகத்தில் அடித்தது.

அக்கா தையல் மிஷினிலிருந்து குரல் கொடுத்தாள். "இன்னாமே, புடிச்சுதா?"

"வண்டி புடிச்சுதுக்கா."

மிஷின் நின்றது. அக்காவின் கை, சுத்தமான வெட்டுத்துணி ஒன்றை வண்டிக்கடியில் நீட்டியது. கரியைத் துடைப்பதுபோல் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து கையெழுத்துப் போட்டேன்.